பாசம் எதைத் தின்னும்?

“எனக்கு இங்க பாசத்தோடதான்ட்டி வேலை” என்று அமலி தொலைபேசியில் சொன்னபோது, அமெரிக்கா போனதில் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி அவள். தூத்துக்குடிக்காரி. பாசம் என்ற சொல்லை வாயில் எடுக்கிற ஆளே இல்லை. தேர்வுக்கு முந்தின நாள் நான் அழுதால், “அழுது முடிச்சிட்டு லைட்ட அணைச்சிரு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அவள் சொன்னது ஒரு பிராணியின் பெயர் என்று டெக்சாஸில் போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. ஒப்போசம். அந்த ஊர்க்காரர்கள் முதல் எழுத்தை விழுங்கிவிட்டுப் ‘பாசம்’ என்கிறார்கள். பூனை அளவு உடம்பு, எலி மூஞ்சி, மயிரில்லாத வால். கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கிற இனம். அந்த இனத்தில் இந்த ஒன்றுதான் அந்த நாட்டுக் காட்டில் திரிகிறது.

நான் நாமக்கல்லில் ஒரு கோழித் தீவன ஆலையில் மருத்துவராக இருந்தேன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு ஜூன் மாதம், மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சைக் கண்டுபிடிக்கும் முறையைக் கற்றுவரும்படி முதலாளி என்னை அங்கே அனுப்பினார். பயிற்சிக்கூடம் ஆஸ்டினுக்குப் பக்கத்தில். அமலி வீடும் அங்கேயே என்பதால் தங்குவதற்கு வேறு இடம் யோசிக்கவே இல்லை.

நான் ஆஸ்டினில் இறங்கினேன். என் பெட்டி இறங்கவில்லை. அது தனியாக வேறு எங்கோ ஊர் சுற்றிவிட்டு மூன்றாம் நாள்தான் வந்தது. அதுவரை அமலியின் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, கால்களை ஒடுக்கி ஒடுக்கி நடந்தேன். “டாக்டரம்மா, நல்லாதான் இருக்கு. ஏன் திருடின மாதிரி நடக்கறீங்க?” என்றார் ஸ்டீபன். அமலியின் கணவர், சென்னைக்காரர், மென்பொருள் வேலை.

முதல் நாள் காலையில் தயிர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். ஸ்டீபன் ஓடிவந்தார். “மேல் தட்டுல இருக்கறது மட்டும்தான் தயிர். கீழ இருக்கற டப்பா எல்லாம் அவளோடது. ஒரு தடவை எங்கம்மா வந்திருந்தப்போ…” என்று ஆரம்பித்து, நான் சாப்பிட உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கீழ்த் தட்டு முழுக்கத் தயிர் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாசத்தின் சாணம்.

இவர்கள் மகள் நிஷாவுக்கு ஒன்பது வயது. நான் தமிழில் கேட்பதெல்லாம் அவளுக்குப் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். “உங்க அம்மா வேலை உனக்குப் பிடிக்குமா கண்ணு?” என்று கேட்டேன். கிண்ணத்தில் பாலும் சோளப்பொரியும் கலக்கிக்கொண்டே, “ஸ்கூலில் கேட்டால் அம்மா டாக்டர் என்று சொல்வேன், எதற்கு டாக்டர் என்று சொல்ல மாட்டேன்” என்றாள்.

மறுநாள் கடைக்குப் போகலாம் என்று நடந்தேன். கடை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். சாலையோரம் நடைபாதை இல்லை, புல்தான். பாதி வழியில் ஒரு கார் நின்றது. ஓட்டிவந்த பாட்டியம்மா கண்ணாடியை இறக்கி, “வண்டி பழுதாகிவிட்டதா?” என்றார். இல்லை, நடக்கிறேன் என்றேன். “எங்கிருந்து?” “வீட்டிலிருந்து.” “ஏன்?” கேட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். ஏற்றிக்கொண்டு போய்க் கடை வாசலில் விட்டார். திரும்பும்போது இன்னொருவர் நிறுத்தினார். நாமக்கல்லில் நான் காரில் போனால்தான், “என்னங்க, உடம்புக்குச் சரியில்லீங்களா?” என்று கேட்பார்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் அமலி என்னைத் தன் பழைய பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். ஊருக்கு வெளியே ஒரு ஓடை. அதைக் கடக்கப் பெரிய பாலம் இல்லை, நம் ஊர்த் தரைப்பாலம்தான். அந்தப் பக்கம் ராய் என்ற பெரியவரின் நிலம். ஓடைக்கரை மரங்களுக்குள் அமலியின் கம்பிக் கூண்டுகள் இருந்தன. உள்ளே மத்தி மீன் டப்பாவைத் திறந்து வைத்திருப்பாள். பாசம் இருட்டில் வந்து மாட்டும். காலையில் அவள் போய்ப் பார்த்து, காதில் எண் மாட்டி, திரும்ப விட்டுவிடுவாள்.

முதல் கூண்டில் பெருச்சாளி அளவில் ஒன்று இருந்தது. எங்களைப் பார்த்ததும் வாயைப் பிளந்து சீறியது. அமலி அதைத் துணிப்பைக்குள் மாற்றி, தலையை மட்டும் வெளியே எடுத்து, உதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள்.

“பாத்தியாட்டி? கடவாய்ப் பல்லு இன்னும் முழுசா வரல. இந்த வருசம் பிறந்தது. அம்மாவ விட்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆவுது.”

பல்லைப் பார்த்து வயது சொல்வது மாட்டுத் தரகர்கள் சமாச்சாரம். கல்லூரியில் அதில் எனக்குத்தான் மதிப்பெண் அதிகம் வந்தது. அதை நினைவுபடுத்தினேன். “மாட்டுக்கு எத்தன பல்லு? இதுக்கு அம்பது. எண்ணு” என்றாள். எண்ண முயன்றேன். பாதியில் அது என் சட்டையில் கழிந்துவிட்டது. அமலி எனக்குத் துணி கொடுக்கவில்லை. முதலில் சட்டையில் இருந்ததைச் சுரண்டி ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த கூண்டில் வளர்ந்த பெண் ஒன்று. இரண்டின் சாணத்தையும் ராய் வீட்டுத் தோட்டக் குழாயடியில் சல்லடையில் போட்டு அலசினாள். நான் கிட்டே போகவில்லை. பிறகு ஆவல் தாங்காமல் போனேன். குட்டியின் சல்லடையில் வண்டுகளின் பளபளக்கிற சிறகு ஓடு, வெட்டுக்கிளிக் கால், நத்தை ஓட்டுத் துணுக்கு. பெரியதின் சல்லடையில் எலி மயிர், சின்ன எலும்பு, காட்டுத் திராட்சை விதை, ஒரு இறகு. இரண்டும் ஒரே ஓடைக்கரையில் ஒரே இரவில் மேய்ந்தவை.

“நம்ம சிக் மேஷ், குரோயர் மேஷ், லேயர் மேஷ் மாதிரியே இருக்குது புள்ள” என்றேன். கோழிக்குஞ்சுக்கு ஒரு தீவனம், வளர்வதற்கு ஒன்று, முட்டையிடுவதற்கு ஒன்று என்று வயதுக்கு வயது கலவையை மாற்றுவதுதான் என் பிழைப்பு.

“நீ மாத்திக் கலந்து கொண்டு வைக்கே. இதுக்கு யாரு வைக்கா? பால் மறந்த பிறவு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கது இல்ல. பல்லு வருது, வாய் பெருசாவுது, பயம் கொறையுது, தீனியும் மாறிருது. எந்த மாசத்துல எது மாறுதுன்னுதான் பாக்கேன்.” ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே ஒரு தீவில் இதற்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று இருக்கிறதாம், டெவில் என்று பெயர். குட்டியாக இருக்கும்போது மரமேறிப் பூச்சியும் பறவையும் பிடிக்கும். பெருத்த பிறகு மரமேற முடியாது, தரையில் கிடக்கிற பெரிய பிணங்களுக்கு மாறிவிடும். “அங்க போவ துட்டு கிடையாது. அதனால இந்தப் பாசமே போதும்னு இருந்துட்டேன்” என்று சிரித்தாள்.

கைகழுவிவிட்டுத் திரும்பினால் பின்னால் ராய் நின்றுகொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய உயரமான மனிதர். தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு அமலியைப் பார்த்தார்.

“நேற்றும் ஒரு கோழி போய்விட்டது. வயிற்றைக் கிழித்துத் தின்றிருக்கிறது. இது என் மனைவி வளர்த்த கோழி, உனக்குத் தெரியும்.”

“தெரியும், ராய்.”

“உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கூண்டுகளை எடுத்துவிடு. திங்கட்கிழமை என் கூண்டுகளை வைக்கிறேன். அதில் விழுகிறது திரும்பிப் போகாது.”

அமலி வண்டியை எடுத்தாள். தரைப்பாலம் தாண்டிய பிறகு சொன்னாள். இங்கே நம் கால்நடைப் பட்டம் செல்லாது. மறுபடி பரீட்சைகள் எழுத வேண்டும், அதற்கு வருஷங்களும் பணமும் வேண்டும். வந்த புதிதில் ஒரு நாய் மருத்துவமனையில் கூண்டு கழுவினாள். நிஷா பிறந்தாள். பிறகு ஒரு பேராசிரியர் இந்த ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்தார். முந்தைய வருஷம் எண் மாட்டிய குட்டிகள்தான் இந்த வருஷம் பெரியவை. அவற்றையே மறுபடி பிடித்துப் பார்த்தால்தான் வயதுக்கும் தீனிக்கும் கணக்கு வரும். ராய் எல்லாவற்றையும் கொன்றுவிட்டால், திரும்ப முதலிலிருந்து.

“நாப்பது வயசுல முதல்லேர்ந்து ஆரம்பிக்க என்னால ஏலாதுட்டி” என்றாள். விடுதியில் ஒரு நாள்கூட நான் கேட்காத குரல் அது.

அந்த வாரம் எனக்குப் பயிற்சி. ஒருநாள் மதியம் எல்லோரையும் இறைச்சி சுடுகிற கடைக்குக் கூட்டிப்போனார்கள். தட்டு இல்லை, கறிக்கடைத் தாளில் வைத்துத் தந்தார்கள். மாட்டுக்கறி நமக்குப் பழக்கமில்லை என்று கோழி கேட்டேன். பரிமாறிய பெண், “ஓ, நீங்கள் சைவமா?” என்றாள். கோழி கறியில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. நாமக்கல்லில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். குடிக்கக் கொடுத்த குளிர்ந்த தேநீர் பாயசத்தைவிட இனிப்பு. சாயங்காலம் வீட்டில் ஸ்டீபன் வைத்த மிளகு ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றியே குடித்தேன்.

அன்று சாப்பிடும்போது அமலி கேட்டாள். “நீ கோழி டாக்டர். நாளைக்கழிச்சு ராய் வீட்டுக்கு வா. செத்த கோழியத்தான் பாசம் தின்னுச்சு, அதுவா கொல்லலன்னு மட்டும் சொல்லிரு. நீ சொன்னா கேப்பாரு.”

“பாக்காம எப்பிடிப் புள்ள சொல்றது?”

“பாத்துட்டுச் சொல்லு. ஆனா அதத்தான் சொல்லணும்.”

சனிக்கிழமை காலை நாங்கள் ஓடையைத் தாண்டும்போதே தூறல். ராய் வீட்டை அடைந்ததும் பிடித்துக்கொண்டது மழை. நம் ஊரில் மழை என்றால் முதலில் ஒரு காற்று, ஒரு மண்வாசனை என்று தகவல் சொல்லிவிட்டு வரும். இங்கே வானம் வாளியைக் கவிழ்த்ததுபோல ஊற்றியது. சற்று நேரத்தில் தரைப்பாலத்தின் மேல் பழுப்புத் தண்ணீர் சுழித்து ஓடியது. ராய் தாழ்வாரத்தில் நின்று பார்த்துவிட்டு, “மதியம்வரை நீங்கள் எங்கேயும் போக முடியாது. காபி குடிக்கிறீர்களா?” என்றார்.

காபி என்று தந்தது, டம்ளரின் அடி தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. குடித்துக்கொண்டே, நான் என்ன வேலை செய்கிறேன் என்று அமலி அவருக்குச் சொன்னாள். எத்தனை கோழிகள் பார்த்திருப்பீர்கள் என்று கேட்டார். எங்கள் ஊரில் ஒரு பண்ணையிலேயே லட்சம் இருக்கும் என்றேன். நான் பொய் சொல்கிறேனா என்பதுபோல அமலியைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் உறைபெட்டியைத் திறந்து, ஐஸ்கிரீம் டப்பாக்களுக்கு அடியிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் பைகளை எடுத்துவந்தார். வனத்துறை ஆளுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்த கோழிகள்.

“இன்று காலையும் ஒன்று விழுந்து கிடந்தது. அதை ஒன்றும் தொடவில்லை. நேற்று இரவு மறக்காமல் கொட்டகைக் கதவைச் சாத்தியிருந்தேன்” என்றார்.

கதவைச் சாத்திய கொட்டகைக்குள், எதுவும் தொடாமல் ஒரு கோழி எப்படிச் சாகும்? அந்தக் கேள்வியில் எனக்கு மழையும் ஓடையும் மறந்துவிட்டன. கொட்டகைக்கு ஓடினேன்.

கொழுகொழு என்று ஒரு சிவப்புக் கோழி, கோழிகள் உட்காரும் கம்புக்கு நேர் கீழே கிடந்தது. கொண்டை வெளுத்திருந்தது. மற்ற கோழிகளைப் பார்த்தேன். எல்லாமே நடக்க முடியாமல் நடந்தன. தாழ்வாரத்து மேஜையில் தாள் விரித்து, சமையலறைக் கத்தியால் வயிற்றைத் திறந்தேன். விரல் கனத்துக்கு மஞ்சள் கொழுப்பு. அதற்கு உள்ளே உறைந்த ரத்தக் கட்டி. கல்லீரல் சிவப்பாக இல்லை; வெண்ணெய் நிறத்தில், தொட்டால் உதிர்கிற மாதிரி, ஒரு ஓரம் வெடித்திருந்தது. நாமக்கல் வெயிலில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

“என்ன கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“கடைத் தீவனம்தான்.”

“அது மட்டுமா?”

“சாயங்காலம் சோளம். அவள் ஒரு பிடி போடுவாள். அவள் போன பிறகு…” கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். “என்னைப் பார்த்து ஓடிவருகின்றன. நான் வாளியோடு போடுகிறேன்.”

முட்டை குறைந்த, வயதான கோழிக்கு அவ்வளவு சோளம் ஆகாது, கொழுப்பு கல்லீரலில் ஏறி, வெயில் நாளில் அது வெடித்துச் செத்துவிழும் என்று சொன்னேன். இளங்கோழிக்குச் சரியான தீனி கிழக்கோழியைக் கொல்லும். ராய் கல்லீரலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். நான் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

அதற்குள் உறைந்த இரண்டும் அமலி வைத்த வெந்நீரில் இளகியிருந்தன. முதல் கோழியில் வயிறு கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தைச் சுற்றித் தோலை உரித்துப் பார்த்தேன். சதை வெளுப்பாகச் சுத்தமாக இருந்தது. உயிரோடு கடித்திருந்தால் அந்த இடத்தில் ரத்தம் கட்டியிருக்கும். இது செத்த பிறகு தின்றது. அமலி என் தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டது கேட்டது.

இரண்டாவது கோழியின் கழுத்துத் தோலை உரித்தேன். கருநீலமாக ரத்தம் கட்டியிருந்தது. இரண்டு ஆழமான பல் துளைகள். கல்லீரல் அவ்வளவு மோசமில்லை. இந்தக் கோழி நோயில் சாகவில்லை.

ராய்க்குத் தமிழ் தெரியாது. மேஜைக்கு அந்தப் பக்கம் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். அமலி சிரித்த முகம் மாறாமல், வானிலை பேசுவதுபோலச் சொன்னாள்: “ஏட்டி, இதச் சொல்லாத. மூணுல ரெண்டு போதும்.”

நான் கத்தியை வைத்தேன்.

“நான் சொல்லல புள்ள. ஆனா இல்லைன்னும் சொல்ல மாட்டேன். உன் பிராணி. நீயே சொல்லு.”

அமலி என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை. பிறகு மேஜைக்குக் கிட்டே வந்தாள். சட்டைப்பையிலிருந்து அளவு பார்க்கிற கருவியை எடுத்து இரண்டு துளைகளுக்கும் நடுவே வைத்தாள். ஒருமுறை பார்த்தது போதாதென்று மறுமுறையும் வைத்துப் பார்த்தாள்.

“ராய், இது பாசம் கொன்றதுதான். நரியோ நாயோ இல்லை. பெரிய ஆண். நான் எண் மாட்டியவற்றில் இந்த அளவுக்குப் பல் உள்ளது ஒன்றுதான். போன வருஷம் குட்டியாக இருந்தபோது வண்டுதான் தின்றது. இப்போது கோழி கொல்கிற வயசு வந்துவிட்டது.”

ராய் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “மற்ற பாசங்கள்?”

“மற்றவை நீங்கள் கதவு சாத்த மறந்த நாட்களில் வந்து செத்ததைத் தின்றவை. நான் நினைப்பது அப்படி. உறுதியாகச் சொல்ல முடியாது.”

அவர் ஓடையைப் பார்த்தார். “அந்த ஒன்றை எனக்குக் கொடு. கொட்டகையைச் சரிசெய்ய உன் கணவனை அனுப்பு, எனக்கு ஏணி ஏற முடியாது. மற்றவற்றை நீ வைத்துக்கொள்.”

அமலி தலையாட்டினாள். தண்ணீர் வடிந்து வீடு திரும்பும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து எனக்குத் தோசை சுட்டுப் போட்டாள். மூன்றாவது தோசையைப் போடும்போது, “அந்த அளவ நான் ரெண்டாவது தடவ ஏன் பாத்தேன் தெரியுமா? தப்பா இருக்கக் கூடாதான்னுதான்” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் ஸ்டீபன் ஏணியோடு வந்தார். கணினிக்கு முன்னால் உட்காருகிற மனிதர் கம்பிவலையில் விரலைக் கிழித்துக்கொண்டு, “அமெரிக்கா வந்து கோழிக்கொட்டகை கட்டறேன்னு எங்கப்பாகிட்ட யாரும் சொல்லிடாதீங்க” என்றார். சின்னக் கண் உள்ள வலையாக அடித்து, கதவு தானாகச் சாத்திக்கொள்ளச் சுருள்வில் ஒன்று போட்டோம். சோளத்தை நிறுத்தச் சொல்லி, பதிலாகக் கீரையும் புல்லும் நறுக்கிப் போடச் சொன்னேன். சாயங்காலம் ராய் வெளியே வந்ததும் கோழிகள் அத்தனையும் குடுகுடு என்று ஓடிவந்தன. அவர் புல்லைப் போட்டார். கோழிகள் புல்லைப் பார்த்தன, அவரைப் பார்த்தன. “மன்னித்துக்கொள்ளுங்கள், இந்த மேடம் சொல்கிறார்” என்று அவற்றிடம் என்னைக் கைகாட்டினார்.

பெரிய ஆண் அடுத்த வாரம் ஒரு காலையில் கூண்டில் இருந்தது. காதில் அமலி மாட்டிய எண். ஒரு கண் வெளுத்திருந்தது, கோரைப் பல்லில் ஒன்று உடைந்திருந்தது. “ரொம்ப வயசாயிருச்சு போல” என்றேன். “ஒன்னரை வயசுதான் ஆவுது” என்றாள் அமலி. இவற்றின் ஆயுளே இரண்டு வருஷத்துக்குள்தானாம். இரண்டாம் குளிர்காலத்தைப் பார்ப்பவையே அபூர்வம். எங்கள் ஊரில் முட்டைக்கோழியைக் கழிக்கிற வயதும் கிட்டத்தட்ட அதுதான். அதை அப்போது சொல்லத் தோன்றவில்லை.

அமலி கூண்டைத் தானே தூக்கிக்கொண்டு போய் ராயிடம் கொடுத்தாள். அவள் திரும்பிவந்ததும் வண்டியில் உட்கார்ந்திருந்தோம். ஒரே ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அமலி ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். பிறகு இறங்கிப்போய் உடலைக் கேட்டாள். ராய் கொடுத்தார்.

குழாயடியிலேயே இரைப்பையைத் திறந்து அலசினாள். ராயும் வந்து நின்றார், போகவில்லை. காட்டுத் திராட்சைத் தோல். வண்டுச் சிறகு. மண்புழு. அப்புறம் ஏதோ பளபளத்தது. அமலி இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். செதில்கள், பழுப்பும் செம்பும் கலந்த நிறம்.

“காப்பர்ஹெட்” என்றார் ராய். அந்த ஓடைக்கரையில் உள்ள விஷப்பாம்பு. “இதைத் தின்றதா?”

“விஷம் இதை ஒன்றும் செய்யாது. குட்டியால் முடியாது. இந்த அளவுக்குப் பெரிதானால்தான் பாம்பைப் பிடிக்கும்.”

கோழி இறகு ஒன்றுகூட இல்லை. கதவுதான் சாத்தியிருந்ததே. ராய் தொப்பியைக் கழற்றிச் சற்று நேரம் கையில் வைத்திருந்தார். வருந்தினாரா என்று எனக்குத் தெரியாது. அமலியும் ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. சல்லடையில் இருந்ததை டப்பாவில் போட்டு மூடினாள்.

அதற்குப் பிறகு நான் ஊருக்குக் கிளம்பும்வரை ராயின் கொட்டகையில் ஒரு கோழியும் சாகவில்லை. இளைத்தன என்று சொல்ல முடியாது, நடந்தன.

நான் கிளம்புகிற அன்று காலை கடைசியாக ஒருமுறை ஓடைக்கரைக்குப் போனோம். விறகுக் குவியலுக்குப் பக்கத்துக் கூண்டில் ஒரு பெண் பாசம். ராய் எங்களுக்கு முன்பே வந்து கூண்டின் அருகே குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார். அமலி அதைத் துணிப்பையில் எடுத்து, “ராய், இதைப் பிடித்துக்கொள்கிறீர்களா?” என்றாள். அவர் தடித்த கையுறை போட்டுப் பிடித்துக்கொண்டார். அமலி அதன் வயிற்றுப் பையின் வாயை இரண்டு விரலால் மெல்ல விரித்தாள்.

உள்ளே உரித்த இறால்களைப்போல இளஞ்சிவப்பாக, கண் திறக்காத குட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு காம்பை வாயில் கவ்விக்கொண்டு தொங்கியது. ஒன்று கால் உதைத்தது. ராய் தலையைக் குனிந்து, மூச்சு படாமல் பார்த்தார்.

“இவை இப்போது என்ன தின்கின்றன?”

“பால் மட்டும்.”

“அப்புறம்?”

“வண்டு, புழு, நத்தை.”

“அப்புறம்?”

அமலி என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். “தவளை, எலி. பாம்பு. செத்துக் கிடக்கிறது எதுவானாலும். கதவு திறந்திருந்தால் உங்கள் கோழி.”

“அது எப்போது?”

“அடுத்த வருஷம். உயிரோடு இருந்தால்.”

கைக்குள் அந்தத் தாய் வாயைப் பிளந்து சீறிக்கொண்டிருந்தது.

“அப்படியானால் எனக்கு ஒரு வருஷம் இருக்கிறது” என்றார். குனிந்து துணிப்பையைப் புல்லில் வைத்து, அதன் வாயைத் தானே அவிழ்த்துவிட்டார்.